எண்பத்தெட்டு பர்சன்ட்

மரகதம் வேனை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி ஐந்தே முக்கால். ஜெனரல் ஷிப்ட் விட்டு வந்த பெண்களில் கடைசி ஆளை ஏரிக்கரைத் தெருவில் இறக்கிவிட்டு வந்திருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்த வேலை. வடக்குப்பட்டிலிருந்து ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போவதும் திரும்ப ஏற்றி வருவதுமாக அன்றைக்கு நாலு நடை. இரண்டு நாளாக விடாத ஐப்பசி மழை. கன்டெய்னர் லாரிகள் வாரியடித்த சேறு வேனின் கண்ணாடி வரைக்கும் ஏறியிருந்தது.

கை கால் கழுவுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை உண்டு. வாசல் சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி மாட்டியிருந்தது. அதிலிருந்து தடித்த கேபிளை இழுத்து வேனின் பக்கவாட்டில் சொருக வேண்டும். ஆறு மணியானால் பெட்டியின் சின்னத் திரையில் பச்சை அம்புக்குறி ஒன்று எரியும். வேனிலிருந்து லைனுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். பத்து மணி வரைக்கும் போகும். நடு ராத்திரிக்கு மேல் அம்பு திரும்பிக்கொள்ளும். விடிவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும்.

பேட்டரி வண்டிகளிலிருந்து ஊருக்குக் கரண்ட் எடுக்க ஒரு தனியார் கம்பெனி நடத்தும் திட்டம் அது. வடக்குப்பட்டு, பிள்ளைப்பாக்கம், மண்ணூர் மூன்று ஊரிலும் சேர்த்து ஐந்து வேன்களைப் பிடித்திருந்தார்கள். வேன் ஓட்டுகிறவர்களில் பெண் என்றால் மரகதம் ஒருத்திதான். அதனால் கேபிளைப் பிடித்தபடி அவள் நிற்கும் படம் அந்தக் கம்பெனியின் ஆபீஸ் வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஜோயல் வந்துதான் இதைப் பேசினான். மண்ணூர்ப் பையன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

"சாயந்திரமானா ஊரே லைட்டு, ஃபேனு, ஏசின்னு போடுதுக்கா. அப்ப கரண்டு பத்த மாட்டேங்குது. உங்க வண்டி அந்நேரம் சும்மாத்தான நிக்குது? அதுல இருக்கறத கொஞ்சம் லைனுக்குக் குடுத்தா, விடியறதுக்குள்ள நாங்களே திரும்ப ஃபுல் பண்ணிடுவோம்."

மரகதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க வூட்ல கரண்டு போச்சின்னா, வண்டில கீற கரண்டு வூட்டுக்கு வருமா?"

"வரும்க்கா. அதான இதுல விசேஷமே."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே கோதண்டம் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடியது. பதினெட்டு வருஷம் ஒரு வார்ப்படக் கம்பெனியில் கிரைண்டிங் வேலை பார்த்தவன். இரும்புத் தூளும் மணலும் நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. அந்தக் கம்பெனியை மூடி நாலு வருஷம் ஆகிறது. இப்போது கக்கூசுக்குப் போய்வந்தாலே பத்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை எதையும் அவன் விடுவதில்லை. கீரை, பூண்டு, வெங்காயம் எல்லாம் அவன் கையில்தான்.

"மழ நிக்கல போல கீதே" என்றான்.

"எங்க நிக்குது. வல்லம் கிட்ட ரோடே தெரில. வண்டிய உருட்டிகினு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சி."

"டீ போடு."

அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உலை வைத்தாள். வறுப்பதற்குக் கருவாட்டை வெந்நீரில் ஊறப் போட்டிருந்தாள். ஆறு நாற்பதுக்கு ஏரிப் பக்கத்து டிரான்ஸ்பார்மரில் டமார் என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. மெஷின் நின்றது. நின்றவுடன் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

மரகதம் அடுப்பை அணைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் ஓடினாள். மூலையில் நின்ற சிலிண்டரைத் திறந்து குழாயை அதில் மாட்டிவிட்டாள். முள்ளைப் பார்த்தாள். சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. முந்தாநாளே ஸ்ரீபெரும்புதூர் போய் மாற்றியிருக்க வேண்டியது. மழையில் போக முடியவில்லை.

"எவ்ளோ... நேரம் வரும்?" என்றான் கோதண்டம்.

"முக்கா மணி வரும். நீ பேசாத. அதான் வண்டில கரண்டு கீதே. இதோ வந்துடும்."

வரவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். பெட்டியின் திரை இருண்டு கிடந்தது. வேனின் சாவியைப் போட்டுப் பார்த்தாள். மத்தியானம் கம்பெனியில் சார்ஜ் ஏற்றியிருந்ததால் எண்பத்தெட்டு பர்சன்ட் என்று காட்டியது. தெருவில் ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பெனிகளின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவர்களுக்கு லைன் வேறு.

ஜோயலுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"தம்பி, கரண்டு போயிடுச்சி. பெட்டி வேல செய்யல."

"அக்கா, லைன்ல கரண்டு இல்லன்னா பெட்டியும் நின்னுடும்க்கா. இல்லன்னா வண்டில இருந்து போற கரண்டு, போஸ்ட்டுல ஏறி வேல பாக்கற லைன்மேன அடிச்சிடும். அதுக்காக அப்படித்தான் செஞ்சிருக்கு."

"லைனுக்கு வோணாம்பா. எங்க வூட்டுக்கு மட்டும் வர்ற மாதிரி பண்ணு."

"அதுக்கு வீட்ட லைன்ல இருந்து பிரிக்கிற சுவிட்ச் ஒண்ணு தனியா மாட்டணும். அது இந்தக் கட்டத்துல இல்லக்கா. அடுத்த கட்டத்துல வரும்."

"வரும்னு நீதான சொன்ன?"

"எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. போன மாசம்தான் எனக்கே தெரிஞ்சது."

"போன மாசம் தெரிஞ்சிகினு எங்கிட்ட ஏன் சொல்லல?"

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே பெய்வதா அங்கே பெய்வதா தெரியவில்லை.

"எங்க வூட்டுக்காரு மெஷின்ல கீறாருன்னு உனக்குத் தெரியும். வந்தப்பல்லாம் பாத்துட்டுத்தான போன?"

"அக்கா, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. நானும் பண்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். நூற்றெட்டுக்கும் போட்டாள். தண்ணீர் நிற்பதால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றார்கள். வேனில் ஏற்றி அவளே கொண்டுபோகலாம். போகிற வழியில் சிலிண்டர் தீர்ந்துபோனால் என்ன செய்வது? வந்த வழியில் முழங்கால் தண்ணீர் நின்றதை அவளே பார்த்திருந்தாள். ஆறு மாதமாகத் தினமும் தவறாமல் அந்தக் கேபிளைச் சொருகியவள் அவள்.

அடுத்த போன் பிச்சையாவுக்கு. பஸ் ஸ்டாப்பில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். சட்டைக்கு மேல் உர மூட்டைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அஞ்சு நிமிஷத்தில் டிவிஎஸ்ஸில் வந்தான். பெட்டியைத் தட்டிப் பார்த்தான். கேபிளைப் பிடுங்கிவிட்டு வேனைச் சுற்றி வந்தான்.

"பெட்டிய ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. லைன்ல கரண்டு இருந்தாதான் அதுக்கு உசிரு."

"வண்டி?"

"பெரிய பேட்டரி அடில கீது. அதுல கை வெச்சா நான் கரிக்கட்ட. முன்னாடி லைட்டு, ஹாரனுக்குன்னு சின்ன பேட்டரி ஒண்ணு வெச்சிருப்பான். வண்டிய ஆன்ல வெச்சா பெருசுல இருந்து சின்னதுக்கு ஏறிக்கினே இருக்கும். கடைல பழைய இன்வர்ட்டர் ஒண்ணு கீது. சின்னதுல அத மாட்டினா மெஷின் ஓடும்."

"போய் எடுத்துகினு வா."

அவன் போய் வருவதற்குள் அவள் ஏழு தடவை முள்ளைப் பார்த்திருப்பாள். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். அப்படித்தான் டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். மடியில் கீரைத் தட்டு அப்படியே இருந்தது.

பிச்சையா இன்வர்ட்டரோடு வந்து பானெட்டைத் திறந்தான். சின்ன பேட்டரி மேல் கருப்பு மூடி. மூடியின் விளிம்பில் சிவப்பு ஸ்டிக்கர். அதன் மேல் டார்ச்சை அடித்துவிட்டு அவன் நின்றுவிட்டான்.

"சீலு வெச்சிக்கிறான்க்கா. கிழிச்சா வாரன்டி பூடும். பேட்டரி கெட்டா புது வண்டி வாங்கற மாதிரி ஆயிடும். நீ ஒரு வார்த்த யோசிச்சி..."

மரகதம் அவன் கைக்குக் குறுக்கே தன் கையை விட்டு நகத்தால் அந்த ஸ்டிக்கரைப் பறித்தாள். நனைந்திருந்ததால் பாதி கையோடு வந்தது. மீதியைச் சுரண்டினாள்.

"மாட்டு" என்றாள்.

ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். இன்வர்ட்டர் ஒரு தரம் முனகியது. அப்புறம் மெஷின் புஸ்ஸென்று தொடங்கியது. சிலிண்டரில் முள் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. மரகதம் குழாயை மாற்றிப் போட்டுவிட்டுக் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோதண்டம் கண்ணைத் திறந்தான்.

"அவன் பெட்டி... செய்யாதத... பிச்சையா செஞ்சிட்டான்" என்றான்.

"பேசாதன்னு சொன்னேன்ல."

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. ஆம்புலன்ஸ் அதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

ஒரு நாள் விட்டு அடுத்த நாள் மத்தியானம் ஜோயல் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். வண்டியில் நடப்பதெல்லாம் அவர்களுக்கு ஆபீஸிலேயே தெரிந்துவிடுமாம். ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கேபிளைப் பிடுங்கியது, ஏழு இருபதுக்கு சின்ன பேட்டரியில் ஏதோ மாட்டியது எல்லாம் பதிவாகியிருந்தது.

"பதிவாச்சி இல்ல? மூச்சு நிக்கப் போனது பதிவாச்சா?" என்றாள்.

"அக்கா, நான் சண்ட போட வரல. பேட்டரிக்கு நாங்க குடுத்த வாரன்டிய கேன்சல் பண்ணணும்னு சொல்றாங்க. எங்க மேனேஜர் சசிகலா மேடம் ஒரு வழி சொல்லி அனுப்பினாங்க. வெள்ளிக்கிழமை டெல்லில இருந்து திட்டத்துக்குப் பணம் குடுக்கறவங்க மூணு பேர் வர்றாங்க. உங்க வீட்டத்தான் காட்டணும். நல்லபடியா ரெண்டு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, இத அப்படியே விட்டுடுவாங்க."

"நல்லபடியான்னா?"

"அன்னிக்கி நடந்தத சொல்லாம."

அவள் அவனையே பார்த்தாள். அவன் செருப்புச் சேற்றைப் படிக்கட்டில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஆபீஸ்ல நீ சொன்னியா, இந்த மாதிரி ஆயிடுச்சின்னு?"

"மூணு தடவ எழுதிட்டேன்க்கா. அடுத்த கட்டம், அடுத்த கட்டம்னே பதில் வருது."

அன்றைக்குச் சாயந்திரம் புருஷனிடம் கேட்டாள்.

"வண்டி போனா... சோறு போயிடும்" என்றான் கோதண்டம். "சொல்லிட்டுப் போ. ரெண்டு வார்த்ததான?"

"நீ சொல்லுவியா?"

"பதினெட்டு வருஷம்... சொல்லிகினுதான இருந்தேன். மாஸ்க்கு குடுத்தாங்களான்னு... ஆபீசருங்க வந்து கேப்பாங்க. குடுத்தாங்க சார்னு சொல்லுவேன்."

அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. இரண்டு கார்கள் வந்தன. சசிகலா மேடம் பட்டுப் புடவையில் வந்திருந்தாள். டெல்லிக்காரர்களில் இரண்டு பேர் ஆண்கள். ஒருத்தி வெள்ளை முடியைக் கத்தரித்துக்கொண்டு கண்ணாடி போட்ட அம்மாள். மரகதம் கேபிளைச் சொருகினாள். சரியாக ஆறு மணிக்குப் பச்சை அம்பு எரிந்தது. படம் எடுத்தார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சசிகலா தமிழில் கேட்டாள். "சொல்லுங்கம்மா, இந்தத் திட்டம் உங்களுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது மேடம்" என்றாள் மரகதம். அதோடு முடிந்திருக்கும்.

அந்த வெள்ளை முடி அம்மாள்தான் ஏதோ கேட்டாள். ஜோயல் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான். "கரண்டு போனா உங்க வீட்டுக்கு இதுல இருந்து வருதான்னு கேக்கறாங்க."

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மரகதம் வேனைப் பார்த்தாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"வராதும்மா" என்றாள். "வரும்னு சொல்லித்தான் மாட்டினாங்க. போன வாரம் கரண்டு போச்சி. வண்டில எண்பத்தெட்டு பர்சன்ட் கீது, எங்க வூட்டுக்காரு ஆக்ஸிஜன் மெஷின் நின்னுடுச்சி. சிலிண்டர்ல முக்கா மணி நேரம்தான் இருந்திச்சி. எங்கூர் ஆளு ஒருத்தர் பழைய இன்வர்ட்டர வெச்சி காப்பாத்தினாரு. அதுக்கு வாரன்டி கேன்சல்னு சொல்றாங்க."

ஜோயல் வாயைத் திறப்பதற்குள் சசிகலா முந்திக்கொண்டாள். சிரித்த முகமாக இங்கிலீஷில் நிறையச் சொன்னாள். டெல்லிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் நோட்டில் எழுதினார்.

மரகதம் எட்டாவதோடு நின்றவள். ஆனால் காதில் விழுந்ததை அவள் விடவில்லை.

"தம்பி" என்றாள் ஜோயலிடம். "மேடம் நான் சொன்னத சொல்லல. அதுல ஆக்ஸிஜனே வர்ல. நீ சொல்லு."

சசிகலாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஜோயல், டைம் ஆச்சு" என்றாள்.

அவன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா இரண்டு வருஷம் முன்னால் வேலை போய் வீட்டில் இருப்பதும், இவன் சம்பளத்தில்தான் தங்கை படிப்பதும் மரகதத்துக்குத் தெரியும். சொல்லச் சொன்னது தப்போ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

அவன் பேச ஆரம்பித்தான். குரல் தாழ்ந்துதான் இருந்தது. அவளுக்குப் புரிந்தது நாலைந்து வார்த்தைதான். பேட்டரி. ஆக்ஸிஜன். சிலிண்டர். திரும்பவும் ஆக்ஸிஜன். சொல்லி முடித்தபோது அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. வெள்ளை முடி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனாள். கட்டிலுக்கு எதிரே நின்று கை கூப்பினாள். கோதண்டமும் கூப்பினான். இரண்டு பேருக்கும் பேச பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. அவள் மெஷினைப் பார்த்தாள், ஜன்னலில் தொங்கிய ஒயரைப் பார்த்தாள், வெளியே வந்து சசிகலாவிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டாள். கார்கள் கிளம்பின.

பதினைந்து நாளில் ஜோயலை ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன்னால் போன் செய்தான். "பரவால்லக்கா. வேல போகலல்ல" என்றான். "சாப்ட்டுகினு உடம்ப பாத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகை கடைசியில் சசிகலாவே புது டெக்னீசியன் ஒருவனோடு வந்தாள். அவன் கையில் அட்டைப் பெட்டி. அந்த சுவிட்ச்தான். கரண்ட் போனால் வீட்டை லைனிலிருந்து பிரித்து வேனோடு சேர்த்துவிடும். இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டான். மெயினை இறக்கிக் காட்டினான். மெஷின் ஒரு நொடி நின்று திரும்ப ஓடியது. கோதண்டம் மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"வாரன்டியும் பழையபடி இருக்கும்" என்று சசிகலா ஒரு பேப்பரை நீட்டினாள். "இது உங்க வீட்டுக்கு மட்டும் ஸ்பெஷலா பண்ணினதும்மா. நோயாளி இருக்காருன்னு. வெளிய யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு இதுல போட்டிருக்கு. அதுக்கு ஒரு கையெழுத்து."

"மத்த நாலு வூட்டுக்கு?"

"அடுத்த கட்டத்துல."

மரகதம் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றாள். பிள்ளைப்பாக்கத்து ராமச்சந்திரன் நினைவுக்கு வந்தான். அவனும் வேன் கொடுத்தவன். அவன் பெண்டாட்டிக்கு இது எட்டாவது மாதம். போன வாரம் கரண்ட் போய் இரண்டு நாள் போர் மோட்டார் ஓடாமல், அவள் தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் சுமந்தாள் என்று பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது சொன்னான். எனக்கும் அப்படித்தான், வரும் வரும்னு சொல்லித்தான் மாட்டினாங்க என்றும் சொன்னான்.

"போட்டுடு... மரகதம்" என்றான் கோதண்டம் உள்ளேயிருந்து.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். பேப்பரைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்கூட்டிப் போடும்போது ம-வின் சுழி கோணலாக விழுந்தது. சசிகலா அதை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி, காரில் ஏறிப் போனாள்.

கார் ஏரிக்கரையைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் மரகதம் வாசலில் நின்றாள். அப்புறம் வேனில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ராமச்சந்திரனுக்குப் போன் போட்டாள்.

"யண்ணா, நான்தான் மரகதம். நாளைக்கி காலைல வூட்டுப் பக்கம் வா. எங்க சுவத்துல புதுசா இன்னா மாட்டிக்கிறாங்கன்னு உன் கண்ணால பாத்துட்டுப் போ. நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன், கையெழுத்து போட்டுட்டேன். மத்த மூணு பேரையும் கூட்டிகினு வா."